கணக்கில் கூடிய மீன், ஆற்றில் குறைந்த மீன்

காவிரியில் தூண்டில் போட்டவர்கள் 15 வருஷம் எழுதிவைத்த ஒரு கணக்கு இருக்கிறது. சிவசமுத்திரத்துக்குக் கீழே, மேகதாதுவுக்கு மேலே, கர்நாடகக் காட்டுக்குள் கலிபோரே என்று ஓர் இடம். அங்கே இருந்த தூண்டில் முகாமின் பதிவுகள் அவை. 1998 முதல் 2012 வரை மொத்தம் 23,620 மணி நேரம் தூண்டில் போட்டு 6,161 மகசீர் மீன்களைப் பிடித்திருக்கிறார்கள். பிடித்ததை எடை பார்த்து, எழுதிக்கொண்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டிருக்கிறார்கள். சிறியது ஒரு பவுண்டு. பெரியது 104 பவுண்டு, அதாவது 47 கிலோ.

ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை அலசி 2015ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆற்று மீன்களைப் பற்றி நான் படித்தவற்றில் அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். சராசரி பார்த்தால் ஒரு மீனுக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காத்திருக்க வேண்டும். ஆனால் வருஷம் போகப்போக அந்தக் காத்திருப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மணிக்கு விழும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

நல்ல செய்திதானே? இங்கேதான் விஷயமே இருக்கிறது. எண்ணிக்கை கூடிய அதே காலத்தில் மீனின் சராசரி எடை இறங்கியிருக்கிறது. கூடியது நீலத் துடுப்பு மகசீர். காவிரிக்கே உரிய, முதுகில் திமில் போல மேடு உள்ள, பொன்னிறத் திமில் மகசீர் அழிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரே நோட்டுப் புத்தகத்தில் ஒன்று ஏற, இன்னொன்று இறங்கியிருக்கிறது. கூட்டல் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஏற்றம் மட்டுமே தெரிந்தது.

ஆற்றில் மீன் குறைகிறது என்று நாம் பேசும்போதும், மீன் விட்டிருக்கிறோம் என்று அரசு சொல்லும்போதும், இரண்டு பேச்சிலும் 'எந்த மீன்?' என்ற கேள்வி இல்லை. தூண்டில் என்கிற பொழுதுபோக்குக்கு எதிர்காலம் உண்டா என்ற விவாதத்திலும் அதே ஓட்டைதான். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

தாமஸின் இரண்டு புத்தகங்கள்

தென்னிந்தியாவில் தூண்டிலைப் பற்றி யார் பேசினாலும் ஹென்றி சல்லிவன் தாமஸிடம் போகாமல் முடியாது. மதராஸ் மாகாணத்தின் சிவில் அதிகாரி. தென் கன்னடத்தில் இருந்தபோது மீன்வளம் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பிறகு 1873ல் 'தி ராட் இன் இந்தியா' வந்தது. இங்கிலாந்துக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் சால்மனைவிட மகசீர்தான் தூண்டில்காரனுக்குச் சரியான எதிராளி என்று வாதாடிய புத்தகம். இன்று உலகம் முழுக்க மகசீருக்கு இருக்கும் பெயருக்கு அடித்தளம் அதுதான்.

அவருடைய இன்னொரு புத்தகத்தை அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. 1887ல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று ஒன்று எழுதினார். ஏரிகளால் ஆன வடாற்காட்டுப் பக்கத்து ஆள் என்பதால் எனக்கு இந்த இரண்டாவது புத்தகத்தின் மேல்தான் பிரியம். ஆற்றங்கரைக்குப் போக முடியாத அதிகாரிக்கும் ஊர் ஏரியில் ஒரு வேலை உண்டு என்று காட்டியவர் அவர்.

தாமஸிடம் மதிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. மீன் பிடிக்கிறவனே மீனைக் காக்கவும் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே நினைத்தவர். ஆற்றில் விஷம் கலப்பது, கண் நெருங்கிய வலையால் குஞ்சுகளை வாரி எடுப்பது, இதெல்லாம் ஆற்றைக் காலி பண்ணிவிடும் என்று எச்சரித்தார். அதே காலத்தில் ஃபிரான்சிஸ் டே நாடு முழுவதற்குமான மீன்வள அறிக்கையைத் தந்தார். இவர்கள் கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1897ம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது.

குறையும் இருக்கிறது. தாமஸின் உலகத்தில் தூண்டில் போடுகிறவன் துரை. வலை போடுகிறவனும் கூடு வைக்கிறவனும் ஆற்றை அழிக்கிறவன். வயிற்றுக்காக மீன் பிடிக்கிற ஒருவனுக்கும் ஆற்றைப் பற்றி ஓர் அறிவு இருக்கும், அதுவும் ஒரு கணக்குதான் என்ற எண்ணத்துக்கு அங்கே இடம் குறைவு. இந்தப் பார்வை அவரோடு போய்விடவில்லை. நூறு வருஷம் கழித்து வந்த தூண்டில் முகாம்களிலும் அது உட்கார்ந்திருந்தது. 1946ல் கபினியில் வான் இங்கென் பிடித்த 120 பவுண்டு மகசீர் இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் அதே ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த குடும்பங்களின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

நல்ல எண்ணத்தோடு விட்ட குஞ்சு

நீலத் துடுப்பு மகசீர் காவிரிக்கு எப்படி வந்தது? மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் 1970களில் ஒரு மகசீர்ப் பண்ணை தொடங்கியது. அணை கட்டி ஆற்றை மறித்தவர்கள், அழிந்துவரும் மீனைக் காப்பாற்ற எடுத்த முயற்சி. அங்கே செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யப்பட்ட குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின. காவிரிக்கும் வந்தன. தூண்டில்காரர்களின் சங்கங்கள் ஆவலோடு வாங்கி ஆற்றில் விட்டன.

யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. மகசீர் குறைகிறது, மகசீர்க் குஞ்சு விடுகிறோம். இதில் என்ன தப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மகசீர் என்பது ஒரு மீனின் பெயர் இல்லை. ஒரு குடும்பத்தின் பெயர். டெக்கான் ஆறுகளின் மகசீர் வேறு, காவிரியின் மகசீர் வேறு. காவிரி மகசீரை மீட்கிறோம் என்று சொல்லி வேறு ஓர் ஆற்று மகசீரைக் காவிரியில் குடியேற்றினார்கள். அது நன்றாகவே குடியேறியது. கலிபோரே கணக்கில் ஏறிக்கொண்டே போன எண்ணிக்கை அதுதான்.

திமில் மகசீரின் வீழ்ச்சிக்குப் புதுக் குஞ்சுகள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. 1934ல் மேட்டூர் அணை வந்து ஆற்றை இரண்டாக வெட்டியது. மேலே கிருஷ்ணராஜ சாகர். வெடி, மணல் கொள்ளை, கோடையில் ஒட்டிப்போகும் நீர், எல்லாம் சேர்ந்த அடி அது. ஆனால் மற்ற அடிகள் கண்ணுக்குத் தெரிந்தன, ஆளாளுக்குச் சண்டையும் போட்டார்கள். குஞ்சு விட்டது மட்டும் யார் கண்ணிலும் அடியாகப் படவில்லை. அது கணக்கில் வரவாக ஏறியது.

பெயரே இல்லாத புகழ்

இதைவிட விசித்திரமான ஒன்று. தாமஸ் காலத்திலிருந்து வேட்டைக்காரர்கள் கொண்டாடிய இந்த மீனுக்கு, சரியான அறிவியல் பெயர் 2018 வரை உறுதியாகவில்லை. பல காலம் அதை ஒரு தப்பான பெயரில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். 2007ல் கேரளப் பக்கம் காவிரியின் துணையாறான பாம்பாற்றில் கிடைத்த சின்ன மகசீர்களை வைத்து குருப், ராதாகிருஷ்ணன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு புதிய இனத்தை விவரித்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீன் ஆய்வாளர் ரமாதேவியைச் சிறப்பித்து 'டோர் ரமாதேவி' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சின்ன மீனும் காவிரியின் அந்தப் பூதாகரமான திமில் மகசீரும் ஒன்றுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பிறகு பிண்டர், பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன், சென்னையின் மார்கஸ் நைட், ராஜீவ் ராகவன் உள்ளிட்டோர் சேர்ந்து மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு 2018ல் முடிச்சை அவிழ்த்தார்கள். அதே வருஷம் நவம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்று டோர் ரமாதேவி ஏறியது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் புகழ். அப்புறம் வீழ்ச்சி. கடைசியில்தான் பெயர். பெயர் இல்லாத மீனைச் சிவப்புப் பட்டியலில் போட முடியாது. பட்டியலில் இல்லாத மீனுக்குத் திட்டம் கிடையாது. 50 கிலோ வளரக்கூடிய, உலகப் புகழ் பெற்ற ஒரு மீனுக்கே இந்தக் கதி என்றால், விரல் நீள அயிரைக்கு என்ன கதி?

தடையும் அதன் விலையும்

2012ல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தூண்டில் தடைசெய்யப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடித்து விட்டாலும் அது வேட்டைதான் என்பது வாதம். முகாம்களில் தூண்டில் நின்றது.

தூண்டில்காரர்கள் கொதித்தார்கள். நாங்கள் இருந்ததால்தான் வெடி வைக்கிறவன் வரவில்லை. முன்னாள் திருட்டு வேட்டைக்காரர்களுக்கே வழிகாட்டி வேலை கொடுத்துக் காவலாக்கினோம். எங்களை அனுப்பிவிட்டீர்கள், இனி யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். எதிர்த் தரப்பில், வாயில் முள் குத்தி அரை மணி நேரம் இழுத்து, போட்டோ எடுத்து, தண்ணீரில் விடுவதற்குப் பெயர் பாதுகாப்பா என்று கேட்டார்கள்.

எனக்கு இரண்டு தரப்பிலும் பாதி நியாயம் தெரிகிறது. முகாம் இருந்த கரையில் வெடிச் சத்தம் குறைந்தது என்பதை நம்புகிறேன். ஆள் நடமாட்டமே ஒரு காவல்தான். ஆனால் 'நாங்கள் காத்தோம்' என்ற பெருமையை அவர்களுடைய நோட்டுப் புத்தகமே மறுக்கிறது. அவர்கள் காவல் இருந்த அதே 15 வருஷத்தில், அவர்கள் கண்முன்னாலேயேதான் திமில் மகசீர் குறைந்தது. அவர்கள் சேர்ந்து கொண்டுவந்த மீன்தான் அதன் இடத்தில் பெருகியது.

தடை போட்டவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. தூண்டிலை நிறுத்தினீர்கள், சரி. அந்தக் கணக்குக்குப் பதிலாக என்ன கணக்கு எடுத்தீர்கள்? யானைக்குக் கணக்கு உண்டு, புலிக்குக் கேமரா உண்டு. தண்ணீருக்குள் இருப்பதற்கு? கேழ்வரகுக் களி உருண்டையை முள்ளில் கோத்துப் போட்டவர்கள் எழுதிவைத்த ஒரு நோட்டுதான் காவிரியின் இந்தப் பகுதிக்கு நம்மிடம் இருக்கும் நீண்ட சாட்சி. அது 2012ல் முடிகிறது. சாட்சியை அனுப்பிவிட்டு வழக்கு நடத்துவது போலத்தான் இது.

தமிழ்நாடு 2022ல் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி தெற்கு காட்டுயிர்ச் சரணாலயத்தை அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. அதன் வரைபடத்தில் ஆறு ஒரு நீலக்கோடாக மட்டும் இருந்துவிடக் கூடாது. மேகதாது அணை பற்றி நாம் வருஷக்கணக்கில் டி.எம்.சி. கணக்குதான் பேசுகிறோம். அந்த அணை வந்தால் மூழ்கும் நிலத்தில் பெரும்பகுதி கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயக் காடு. ஓடும் தண்ணீரிலும் பாறை மடுவிலும் வாழப் பழகிய மீன்களுக்கு அந்த இடம் தேங்கிய ஏரியாகிவிடும். நமக்கு வரும் தண்ணீர் ஒரு டி.எம்.சி. கூடக் குறையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த மீன் போய்விடும். எண்ணிக்கை சரியாக இருந்து, பொருள் மாறிப்போகிற கதைதான் இதுவும்.

ஆரணியில் எந்த மீன்?

காவிரி எங்கேயோ இருக்கிறது, ஆரணிக்காரனுக்கு என்ன என்று கேட்கலாம். எங்கள் ஊர் ஆறு கமண்டல நாகநதி. ஜவ்வாது மலையில் பிறந்து, படவேட்டு ரேணுகாம்பாள் கதையைச் சுமந்துகொண்டு வந்து, செய்யாற்றில் விழுகிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. பாலாறு வாயலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. படிக்கும்போது அழகான தொடர். வருஷத்தில் பல மாதம் அது மணலும் முட்செடியும்தான். ஊர்ப் பக்கம் ஓடுவதில் சாக்கடைக்கும் சாயத் தண்ணிக்கும் பங்கு உண்டு.

அதனால் இங்கே தூண்டில் என்றால் ஏரிதான். அமாவாசைக்குத் தறி நிற்கும். அன்றைக்கு ஏரிக்கரையில் நாலு பேராவது தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்கள் கையில் மூங்கில் கோலும் மண்புழுவும். பையன்கள் கையில் ராடு, ரீல். விராலுக்கு உயிருள்ள தவளையைக் கோத்துப் போட்டது அந்தக் காலம். இப்போது ரப்பர் தவளை. யூடியூப் பார்த்து வாங்குகிறார்கள். விரால் இரண்டுக்கும் ஏமாறுகிறது!

ஆனால் என்ன விழுகிறது என்று கேளுங்கள். கட்லா, ரோகு, மிருகால், இல்லாவிட்டால் ஜிலேபி. முதல் மூன்றும் கங்கைச் சமவெளி வகையறா. 1957ல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, மீனுக்கு ஊக்கநீர் ஊசி போட்டு முட்டையிட வைக்கும் முறையை வெற்றிகரமாகச் செய்து காட்டினார். அந்த ஜூலை 10ஐத்தான் இன்று மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதற்குப் பிறகு இந்தியாவின் ஏரி, குளமெல்லாம் இந்த மூன்று மீன்களின் குஞ்சுகளால் நிரம்பியது. ஜிலேபி ஆப்பிரிக்க மீன். 1952ல் இந்தியாவுக்கு வந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000ல் மத்திய அரசு தடைசெய்தது. தடைக்குப் பிறகும் குட்டைகளில் அது வளரத்தான் செய்கிறது.

ஏரியைக் குத்தகை எடுத்தவர் குஞ்சு விடுகிறார், வளர்ந்ததும் வலை போட்டு எடுக்கிறார். அது விவசாயம் மாதிரி. அதில் எனக்குப் புகார் இல்லை. ஏழை வீட்டுக் குழம்புக்கு மீன் வந்தது அதனால்தான். புகார் வேறு இடத்தில். நம்முடைய ஏரி தனி ஏரி இல்லை. மழைக்குக் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் ஓடையில் இறங்கி, அடுத்த ஏரிக்குப் போய், கடைசியில் ஆற்றில் சேரும். அந்த வழியாகத்தான் புதுத் தண்ணீரை எதிர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் ஏறி வரும். சேற்றில் பதுங்கிக் கோடையைக் கழிக்கிற விராலும் குறவையும் மழைக்கு வெளியே வரும். அயிரை, ஆரல், உளுவை எல்லாம் ஓடையும் ஆறும் ஏரியும் ஒன்றாக இருந்தால் உண்டு. விலாங்கு இன்னும் ஒரு படி மேலே. அது கடலில் பிறந்து ஆறேறி வருகிற மீன். ஆரணிப் பக்கத்து ஓடையில் ஒரு விலாங்கு கிடைத்தால், வாயலூர் முகத்துவாரத்திலிருந்து இங்கே வரை தண்ணீர் ஒரு தடவையாவது அறுபடாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஆயிரம் கட்லா கிடைத்தாலும் அப்படி ஓர் அர்த்தம் கிடையாது. லாரியில் குஞ்சு வந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கடைகளில் 'ஆரணிப் பட்டு' என்று அடுக்கியிருக்கும் சேலைகளை எண்ணி, நெசவு செழிப்பாக இருக்கிறது என்று ஒருவர் அறிக்கை எழுதினால் தெருவே சிரிக்கும். கைத்தறியா, விசைத்தறியா, பட்டா, பாலியஸ்டரா என்று கேட்காமல் எண்ணுவது என்ன எண்ணிக்கை? சேலைக்குத் தெரிந்த இந்த நியாயத்தை மீனுக்கும் கேட்கிறேன், அவ்வளவுதான்.

குஞ்சு விடுவதை நிறுத்திய ஊர்

2020ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆறுகளில் மீன்குஞ்சு விடுவதும் ஒரு பகுதி. இத்தனை லட்சம் குஞ்சுகள் விடப்பட்டன என்று செய்தி வரும். அமைச்சர் பாத்திரத்தைச் சாய்ப்பார், போட்டோ வரும். குஞ்சு எந்த ஆற்றுத் தாய்மீனிலிருந்து வந்தது, விட்டதில் எத்தனை அடுத்த வருஷம் உயிரோடு இருந்தது என்ற செய்தி மட்டும் வராது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் இதில் ஒரு பாடம். தூண்டில் அங்கே பெரிய வியாபாரம். பண்ணையில் வளர்த்த டிரௌட் மீனை வருஷா வருஷம் ஆற்றில் விட்டு, தூண்டில்காரர்களைத் திருப்திப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மாடிசன் ஆற்றில் டிக் வின்சென்ட் என்ற அரசு மீன் ஆய்வாளர் ஒரு பகுதியில் குஞ்சு விடுவதை நிறுத்திப் பார்த்தார். ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த டிரௌட்டின் எண்ணிக்கை கூடியது. அதுவரை யாரும் மீன் விடாத ஓர் ஓடையில் பண்ணை மீனை விட்டுப் பார்த்தார். அங்கே ஆற்று மீன் குறைந்தது. கடைக்காரர்கள், தூண்டில்காரர்கள் எதிர்ப்பையெல்லாம் தாண்டி, 1974ல் மொன்டானா தானாகப் பெருகும் டிரௌட் உள்ள ஆறுகளில் குஞ்சு விடுவதை நிறுத்தியது. தூண்டில் வியாபாரம் படுத்துவிடவில்லை. இன்றைக்கும் உலகம் முழுவதிலுமிருந்து அங்கே போகிறார்கள்.

அந்த டிரௌட்டிலும் பாதி வெளியூர் மீன்தான், அது வேறு கதை. எனக்கு வேண்டியது அவர்கள் கேள்வி கேட்ட விதம். 'எத்தனை விட்டோம்' என்பதை விட்டுவிட்டு, 'ஆறே எத்தனை பெற்றது' என்று எண்ணினார்கள்.

அப்போ தூண்டிலுக்கு எதிர்காலம்?

இரண்டு விதமான எதிர்காலம் தெரிகிறது. ஒன்று, காசு கட்டிப் போய் உட்காரும் குளம். ரோகு, கட்லா விட்டு வைத்திருப்பார்கள். பிள்ளைகளோடு போகலாம், டீ கிடைக்கும். இதில் தப்பே இல்லை. விளைந்த வயலில் அறுவடை பார்க்கப் போவது மாதிரி. அதை ஆறு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, ஆற்றையும் ஏரியையும் நம்பிய தூண்டில். அது பிழைக்க வேண்டுமானால் தூண்டில்காரன் பெயர் சொல்லி எண்ணப் பழக வேண்டும். 'இன்னைக்கு எட்டு மீன்' என்று எழுதாமல், கெண்டை மூணு, குறவை ரெண்டு, ஜிலேபி மூணு என்று எழுத வேண்டும். எந்த ஏரி, எத்தனை மணி நேரம், என்ன இரை. ஒரு பழைய டைரி போதும். ஒன்றும் விழாத நாளையும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். மூங்கில் கோல் வைத்திருக்கும் பெரியவரின் கணக்கும் ரீல் வைத்திருக்கும் பையனின் கணக்கும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். தாமஸின் புத்தகத்தில் விடுபட்டது அந்தப் பெரியவரின் பக்கம்தான். ஆரலும் உளுவையும் கடைசியாக எந்த வருஷம் கிடைத்தது என்று அவரால்தான் சொல்ல முடியும்.

சரணாலயத்துக்குள் தூண்டில் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மோயாற்றில் எஞ்சியிருக்கும் திமில் மகசீரின் வாயில் பொழுதுபோக்குக்காக முள் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அங்கே வனத்துறையும் ஆய்வாளர்களும் அந்தக் கரை மக்களும் சேர்ந்து, வருஷா வருஷம், இனம் பிரித்து ஒரு கணக்கு எடுக்கத்தான் வேண்டும். அந்த ஆற்றில் வேறு ஆற்று மகசீர் ஒரு குஞ்சுகூட விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காவிரியில் செய்ததை மோயாற்றிலும் செய்துவிட்டால், மூன்றாவதாகப் போக நமக்கு ஓர் ஆறு இல்லை.

அடுத்த தடவை ஆற்றில் ஒரு லட்சம் குஞ்சு விட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தால், சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மீனுங்க?